பூட்டில்லாத வாசல்

மேனாம்பேட்டில் அந்தோணிராஜ் வீட்டின் தெருப்பக்கச் சுவரில் நான்கு வாசல்கள் இருக்கின்றன. கொத்தனார் வைத்தது ஒன்று. மற்ற மூன்றும் அவன் வீட்டில் வைத்திருக்கும் சர்வரில் ஒவ்வொரு இணையதளத்தின் பெயராக ஏற்றிய மறுநாள் காலையில் வந்தவை. முதலில் வந்தது திருமழிசை நாகம்மா மெஸ். அடுத்தது முத்தாபுதுப்பேட்டை பூபாலன் லேத் பட்டறை. கடைசியில் வந்த தேவாலயப் பாடகர் குழு வாசலின் சாவித் துவாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு கசியும். கதவு எண் எல்லாவற்றுக்கும் ஒன்றே. யார் பெயரைச் சொல்லி வருகிறார்களோ அந்த வாசல் திறக்கும், நுழைந்தால் அந்த இடத்துக்கே போய்விடலாம். மெஸ்ஸில் வேலை செய்யும் அவன் மனைவி ஜெயசீலிக்கு இரண்டு பஸ் மிச்சமானது.

அந்தோணிராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்து வருடம் பவர் பிரஸ் ஓட்டியவன். தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்ன மிஷினில் வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. வேலையும் போனது. சும்மா இருந்த வருடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்து இணையதளம் ஏற்றும் வேலையைக் கற்றுக்கொண்டான். விரல்கள் போனதிலிருந்து திறந்து கிடக்கிற எதையும் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மூன்று வாசலுக்கும் பூட்டு போட்டான். பூட்டுக்கு ஒரு சான்றிதழ் உண்டு, தொண்ணூறு நாள் செல்லும், அதற்குமேல் பூட்டு திறக்காது. அது முடியுமுன் அதைக் கொடுக்கிற இடத்திலிருந்து ஓர் ஆள் வருவான். கொத்தனார் வைத்த பூட்டில்லாத வாசலில் நுழைந்து, உட்சுவரில் அந்தோணிராஜ் ஒட்டிய சீட்டைப் படிப்பான். வாசல்கள் இவனுடையவைதான் என்று நம்பி அடுத்த தொண்ணூறு நாளுக்கு எழுதிக் கொடுப்பான். காபி கொடுத்தால் குடிக்க மாட்டான்.

பூட்டில்லாத அந்த வாசலின் நிலையில் தினமும் புதுக் கைரேகைகள் இருந்தன. எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தோணிராஜ் சாப்பாட்டின் நடுவில் ஆறு தடவை எழுந்து போய்ப் பார்த்தான். ஆடி மாதத்தில் பூபாலனைக் கூப்பிட்டு ஹாலோ பிளாக் வைத்து அடைத்துவிட்டான். இனிமேல் ஈ கூட நுழையாது மச்சான் என்றான் பூபாலன். சீட்டு படிக்கிறவன் எப்படி வருவான் என்று ஜெயசீலி கேட்டதற்கு, நம்மைப் போலப் பின்பக்கமாக வரட்டும் என்றான் அந்தோணிராஜ். அந்த ஆள் பின்பக்கம் வரவில்லை. மூன்று முறை வந்து பிளாக்கைத் தடவிவிட்டுத் திரும்பியதை எதிர்வீட்டுப் பத்மா பார்த்தாள்.

தொண்ணூறாம் நாள் மூன்றரை மணிக்கு நாகம்மா போன் செய்தாள். "அண்ணாத்தே, உங்க ஊட்டம்மா கெளம்பி அர மணி நேரம் ஆவுது. வந்துச்சா?"

வரவில்லை. மெஸ் பக்கக் கதவும் பூட்டிக்கொண்டிருந்தது, வீட்டுப் பக்கக் கதவும் பூட்டிக்கொண்டிருந்தது. அந்தோணிராஜ் கடப்பாரையால் மெஸ் வாசலைப் பெயர்த்தான். பின்னால் அவன் வீட்டுச் சமையலறை அலமாரிதான் இருந்தது. கதவைத் திரும்பப் பொருத்திக் காதை வைத்தபோது ஜெயசீலியின் குரல் கேட்டது. காற்று குறைந்துகொண்டே வருகிறது என்றாள்.

"இத்த ஒடைக்காத. நீ அடைச்சியே, அத்த தொற."

"தொறந்தா எவன் வேணா உள்ள வருவான்."

"எவனோ வருவான்னு என்னை செவுத்துக்குள்ள வெச்சிகினு கீறியா?"

அவன் பிளாக்குகளை உடைத்தான். உள்ளே புதுச் சீட்டு ஒட்டினான். ஆனாலும் வாசலை விட்டு நகர முடியாமல் குறுக்கே நின்றான். சீட்டு படிக்கிற ஆள் வந்தான், அவனைப் பார்த்தான், தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"நவுருய்யா," என்றது சுவர். குரல் தேய்ந்திருந்தது.

அந்தோணிராஜ் நகர்ந்தான். ஆள் சீட்டைப் படித்துவிட்டுப் போனான். மூன்று பூட்டுகளும் ஒரே நேரத்தில் சத்தமிட்டன. ஜெயசீலி தலையெல்லாம் சிமெண்டோடு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

இரண்டு வருடமாகிறது. பூட்டில்லாத வாசல் திறந்தே கிடக்கிறது. உள்ளே அந்தச் சீட்டும் ஒரு பலகையும்தான்: பூட்டு உள்ள வாசலுக்குப் போகவும். பெரும்பாலோர் போகிறார்கள். சிலர் நிலையைத் தடவுகிறார்கள். வரி போட வந்தவர் நான்கு வாசல் என்று எழுதிக்கொண்டார். ஜெயசீலி எட்டரைக்கு நாகம்மா வாசலில் நுழைந்து மூன்று மணிக்குத் திரும்புகிறாள். இரண்டே முக்காலிலிருந்து அந்தோணிராஜ் அந்தக் கதவைப் பார்த்தபடி, திறந்த வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான்.