நாற்பத்து மூன்று பக்க ஒப்பந்தம்

அந்தக் கடிதம் வந்தபோது மண்ணியல் பேராசிரியையின் கை முழுக்கக் களிமண். கணினியைத் தொடாமல் எட்டி நின்றே படித்தார். பல்கலைக்கழகத்துக்கு இணையவழி வகுப்புத் தளம் நடத்தித் தரும் நிறுவனம் எழுதியிருந்தது. எங்கள் தளத்தில் நீங்கள் ஏற்றிய முப்பத்தாறு காணொளிப் பாடங்களும் ஒப்பந்தப்படி எங்களுக்குச் சொந்தம்; அடுத்த பருவத்திலிருந்து கட்டணப் பாடமாக விற்கப்போகிறோம்; உங்கள் சொந்தப் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கும் பிரதிகளை ஏழு நாளில் நீக்குங்கள், இல்லையென்றால் வழக்கு. கீழே ‘அன்புடன்’ என்று வேறு போட்டிருந்தார்கள். மிரட்டலைவிட அந்த அன்புதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

சும்மா வந்த பாடங்களா அவை? படுக்கையறைத் துணி அலமாரிக்குள் ஒலிவாங்கியை வைத்து, சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, இரண்டு வருடம் பேசிப் பேசிச் சேர்த்தவை. சாப்பாட்டு மேசையை மண் நிரப்பிய குடுவைகள் பிடித்துக்கொண்டதால் குடும்பமே தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. யாரும் அழைப்புமணியை அழுத்திவிடாமல் கணவர் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். எட்டாம் பாடத்தில் கேட்கும் தும்மல் அவருடையது. ஆய்வகமே இல்லாத கல்லூரிகளின் பிள்ளைகள் இந்தப் பாடங்களைப் பார்த்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள்.

ஒப்பந்தத்தின் கதை தனி. தளம் வந்த முதல் நாள் துறைத்தலைவர் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் நின்று, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தச் சொன்னார். ஊரோடு ஒத்துப் போகிற மனிதர். பேராசிரியை மட்டும், படித்துவிட்டு அழுத்துகிறேன் என்றார். நாற்பத்து மூன்று பக்கம். அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தார். இருபதாம் பக்கத்தை எட்டுவதற்குள் நிறுவனம் விதிகளைத் திருத்திவிடும். இவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போவார். மண்ணை அடுக்கு அடுக்காகப் பார்த்துப் பழகியவருக்கு நடுவிலிருந்து தொடங்க வராது. துறையில் அவருக்கு ‘அப்புறம் மேடம்’ என்றே பெயர்.

அப்படிப்பட்டவருக்கு என்ன பயம் என்று கேட்கலாம். திங்கட்கிழமை தோறும், வகுப்பு தொடங்குகிற நேரமாகப் பார்த்து, ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘பிறகு’ என்ற இரண்டு பொத்தான்களோடு அந்த ஒப்பந்தக் கட்டம் திரையில் வந்து நிற்கும். எண்பது மாணவர்கள் காத்திருக்க, கைக்கு எட்டிய பொத்தானை அழுத்தி அதை விரட்டிவிட்டுப் பாடத்துக்குப் போவார். நாலு வருடத்தில் ஒரு திங்கட்கிழமையாவது கை தவறியிருக்காதா? ஒப்புக்கொள்ளாமல் பாடம்தான் ஏறியிருக்குமா? அழுத்தித் தொலைத்துவிட்டோம் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மூன்று நாள் ஒவ்வொரு பாடமாகத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பல்கலைக்கழக நூலகத்தின் மாடி ஏறினார். அங்கே பதிப்புரிமை விவகாரங்களைக் கவனிப்பவர் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம். அண்ணி காய்கறிக் கடை ரசீதைப் படித்து முடிப்பதற்குள் காய் அழுகிவிடும் என்று நாலு பேர் முன்னால் சொல்கிறவர். அவரிடம் போய் நிற்பது பேராசிரியைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சண்டை போடவும் அவர் போகவில்லை. பாடங்களை மிச்சமில்லாமல் நீக்குவது எப்படி என்று கேட்கத்தான் போனார்.

நாத்தனார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கேலி ஒன்றும் வரவில்லை. பல்கலைக்கழக விதிப்படி பாடம் அதை உருவாக்கியவருக்கே சொந்தம், அவராக ஒப்புதல் தந்தால்தான் நிறுவனத்துக்குப் போகும் என்றார். பிறகு தளத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். யார் எந்தத் தேதியில் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று அதில் பதிவு இருந்தது. துறைத்தலைவர், முதல் நாள் காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த நிமிடங்களில் துறை முழுவதும். பேராசிரியை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அண்ணி, இங்க பாருங்க.”

“நீயே படி. நான் பார்க்க மாட்டேன்.”

“பிறகு. பிறகு. பிறகு...” நாத்தனார் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். “நூத்தி முப்பத்தொரு தடவை ‘பிறகு’தான் அண்ணி. ஒரு தடவைகூட நீங்க ஒத்துக்கவே இல்ல.”

“அப்ப பாடம் எப்படி ஏறுச்சு?”

“அந்தக் கட்டத்தை மூடினாலே உள்ள விட்டுடுது. எல்லாரும் ஒத்துக்கிட்டிருப்பாங்கன்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. சரிபார்க்கவே இல்ல.”

பேராசிரியை புத்தக வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சத்தமாகவே வந்தன. நூலகத்தில் பேசினாலே முறைக்கிறவர் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக அவரைப் பார்த்து யாரோ ‘உஷ்’ என்றார்கள். போகட்டும், மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினால் சத்தம் வராதா?

பதிவின் நகலை இணைத்து நாத்தனார் மூன்றே வரியில் பதில் எழுதினார். மறுநாள் மதியமே நிறுவனம் வழிக்கு வந்தது. வருந்துகிறோம், உரிமை கோரியதைத் திரும்பப் பெறுகிறோம், உங்கள் பாடங்களை விற்க மாட்டோம். இந்த முறையும் அன்புடன்தான். கூடவே, புதிய ஒப்பந்தம் இணைக்கப்பட்டுள்ளது, தயவுசெய்து ஒப்புக்கொள்ளவும் என்று ஒரு வரி. சாயங்காலம் துறைத்தலைவர் வந்து, பென்சில் கோடு போட்ட அந்தப் பழைய தாள்களைக் கொஞ்சம் பார்க்கத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் பாவம், பேராசிரியை கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் பேராசிரியை மேசையைத் துடைத்துவிட்டு, புதிதாக அச்செடுத்த கட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்து உட்கார்ந்தார். இப்போது ஐம்பத்தொரு பக்கம். வாசலில் இருந்த கணவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேலி வரப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

“எந்தப் பக்கத்துல இருக்கீங்க அண்ணி?”

“மூணு.”

நாத்தனார் எழுந்து போய், தாளில் வெளிச்சம் விழும்படி சன்னல் திரையை ஒதுக்கிவிட்டார்.

“ஒண்ணும் அவசரமில்ல அண்ணி. மெதுவாப் படிங்க.”