வெட்டாமல் பழம் ஏற முடியாது

இப்போது பேசக் கூடாது. இருமினால்கூட நடத்துநர் அதை ஆட்டத்தில் சேர்த்துவிடுவார். இருமலுக்குத் தாயக்கட்டை உருட்ட வேண்டும். சரியாக விழாவிட்டால் காசநோய். உமையாள் தன் வீட்டு வாசலில், பூட்டாத கதவுக்கு முன்னால், இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

காரைக்குடியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாரும் கதைத் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆயுத பூஜையன்று பொழுதுபோக்காக ஆரம்பித்தது. பிறகு யாரும் அதை முடிக்கவில்லை. கீழ்வீட்டுப் பரமசிவம்தான் நடத்துநர். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவரையே போட்டார்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அவர் சொல்வார். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அவர் விசில் ஊதுவார். அது நடந்துவிடும்.

ஆளுக்கொரு வேஷம். உமையாள் கப்பல் மாலுமியாக வர ஆசைப்பட்டாள். உமையாள் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அதை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுச் சிகப்பிக்கும் அதே கதி. அவள் சிகப்பியாக வந்தாள். மாலுமி வேஷம் இரண்டாம் மாடிக் கதிரேசனுக்குப் போயிற்று. ஊரில் கடல் இல்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

ஆனால் சுதந்திரம் உண்மையானது. அதை உமையாள் மறுக்க மாட்டாள். "என்ன வேணாச் செய்யலாம்மா. இஷ்டம் உங்களது, விதி என்னது" என்பார் பரமசிவம். ஒருமுறை, பறக்கிறேன் என்றாள். பன்னிரண்டு விழுந்தது. மொட்டைமாடிக்குப் பறந்துபோய் மழைக்கு முன் வடகத்தை அள்ளிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பறந்ததால் அல்ல. நீ என்ன செய்யப் போகிறாய் என்று அதுவரை தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லை என்பது தெரிந்துவிட்டதால்.

இன்று அவள் கேட்டது பறப்பதைவிடச் சின்னது. காய்கறிப் பையோடு மாடியேறி வந்தவள், வீட்டுக்குள் போகிறேன் என்றாள். பரமசிவம் மடக்குமேசையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தார். மேசைமேல் சாக்பீஸால் போட்ட கட்டங்கள் விளிம்பைத் தாண்டி, மேசைக் கால் வழியாக இறங்கி, படிக்கட்டில் தொடர்ந்தன.

"போக முடியாதும்மா. நீங்க இன்னும் யாரையும் வெட்டல."

வெட்டாமல் பழம் ஏற முடியாது. தாயம் ஆடிய எல்லாருக்கும் தெரிந்த விதி. பழம் என்றால் காய் கடைசியில் போய்ச் சேரும் நடுக்கட்டம்; இங்கே வீடுதான் பழம். தன் பிறந்த ஊரில் வெட்டாமலும் ஏறலாம் என்று உமையாள் சொல்லிப் பார்த்தாள். அது உங்க ஊரு என்றார் அவர். இந்த விதியை மாற்ற முடியாதா என்று கேட்டாள்.

"விதிய யாரும்மா மாத்த முடியும்?" என்று அவர் பெருமூச்சு விட்டார். எந்த விதியைச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

உள்ளே அவள் மகள் அன்னம் தனியாக இருந்தாள். ஆறு வயது.

"அம்மா, ஒரு சாக்ஸக் காணோம்."

"இந்தா வந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்து, உமையாள் விழுங்கினாள். சொன்னால் அதற்கும் கட்டை உருட்ட வேண்டும்.

வெட்டுப்பட்ட காய் ஆரம்பத்துக்குப் போக வேண்டும். அது எப்படி இருக்கும் என்பதை அவள் பார்த்திருக்கிறாள். போன வாரம் யாரோ கதிரேசனை வெட்டினார்கள். விசில் ஒலித்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. மறுநாள் காலை கதிரேசனின் எழுபது வயதுத் தாயாருக்கு வாந்தி வந்தது. மாங்காய் கேட்டார். டாக்டர் நாடி பார்த்துவிட்டு வாழ்த்துச் சொன்னார். கதிரேசனின் மனைவி கழுத்தைத் தடவிப் பார்த்தாள். தாலி இல்லை. தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது புரிந்ததும், யார் வீட்டிலோ நைட்டியோடு நின்றுகொண்டிருக்கிறோமே என்று கூசிப்போய், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சட்டைகள் மட்டும் கொடியில் கிடந்தன. தாயம் விழுந்தால் கதிரேசன் பிறப்பார். இன்னும் விழவில்லை.

"அம்மா, அல்ஜீப்ரால ஒண்ணு வரவே மாட்டேங்குது."

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏது அல்ஜீப்ரா? உமையாள் கதவில் காதை வைத்தாள். குரல் பத்தாம் வகுப்புக் குரலாக இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பரமசிவத்திடம் கேட்டாள்.

"உங்களுக்காக யாரும் நிக்க மாட்டாங்கம்மா. வண்டி போய்க்கிட்டேதான் இருக்கும்."

எட்டும் தூரத்தில் இருந்த ஒரே காய் சிகப்பி. இரண்டு படி கீழே, கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள். எது விழுந்தாலும் வெட்டுத்தான், இடம் அப்படி அமைந்திருக்கிறது என்று பரமசிவம் விளக்கினார். எந்த எண் என்று உமையாள் யோசிக்கவே வேண்டியதில்லை. உருட்டினால் போதும்.

அவரிடம் கட்டையைக் கேட்டு வாங்க வேண்டுமே என்று நினைத்தவள், அது தன் உள்ளங்கையில் ஏற்கெனவே சூடேறிக் கிடப்பதைக் கண்டாள். எப்போது எடுத்தாள்? யார் எடுக்கச் சொன்னது? கையை உதறினாள். விரல்கள் திறக்கவில்லை.

"வெட்டிரு உமையா" என்றாள் சிகப்பி. "பிள்ளை தனியாக் கெடக்குல்ல."

"சும்மா இருடி."

"எனக்கென்ன, பிள்ளையா குட்டியா? எங்க ஆத்தாகிட்டயும் சொல்லிட்டேன். பாவம், வயசான காலத்துல அலையக் கூடாதுன்னு மாங்கா கூட வாங்கி வச்சுட்டேன்."

பையைத் திறந்து காட்டினாள். ஒரே ஒரு மாங்காய். காம்பில் பால் இன்னும் காயவில்லை.

சிகப்பி சிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறவள் போலத் தலைவாரிப் பூ வைத்திருந்தாள். தன்னைக் கேட்காமலேயே இவள் வழி விட்டுவிட்டாள் என்பதற்காக உமையாளுக்கு அவள்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபமும் போயிற்று.

கதவுக்குப் பின்னால் செருமல் கேட்டது. குரல் இப்போது உமையாளின் குரலைவிட முதிர்ந்திருந்தது.

"வெளிய யாராச்சும் இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டது.

பரமசிவம் விசிலை உதட்டில் வைத்தார். "என்ன செய்யப் போறீங்க? சொல்லுங்கம்மா. என்ன வேணாச் செய்யலாம்."

உமையாளின் விரல்கள் திறந்துகொண்டன. கட்டையை மேசைமேல் வைத்தாள், உருளாதபடி மெதுவாக. சிகப்பியின் பையிலிருந்து மாங்காயை எடுத்தாள். துப்பட்டாவில் சுற்றி, பள்ளிக்கூடத்தில் செய்தது போலக் காக்காக் கடி கடித்தாள். பாதியைச் சிகப்பியிடம் நீட்டினாள். புளிப்பில் இருவருக்கும் ஒரு கண் மூடிக்கொண்டது.

"காய வெட்டச் சொன்னேன்மா. கடிக்கச் சொல்லல."

"தெரியும்ணே."

"அப்ப உருட்டுங்க."

"இல்லண்ணே" என்றாள் உமையாள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சிகப்பிக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.