ஒரே பெட்டியில் இரண்டு

கன்சாஸில் அந்த வாரம் பெய்த பனிமழையில் மின்கம்பிகள் அறுந்து, வெல்டாவின் வீட்டில் கரண்ட் போய், ஹீட்டரும் நின்றுவிட்டது. அவள் வளர்த்த பாம்புகள் பெரும்பாலும் குளிர்காலத் தூக்கத்தில் இருந்தன. விழித்திருந்தவை இரண்டே: அவளுடைய கறுப்பு கிங் பாம்பும், அக்கா ஓப்பலின், சிவப்பும் கறுப்புமாக வளையம் போட்ட, விஷமில்லாத மில்க் பாம்பும். இரண்டும் முந்தின நாள்தான் எலி தின்றிருந்தன. தின்ற பாம்பு குளிரில் கிடந்தால் இரை வயிற்றிலேயே அழுகிவிடும். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு வெந்நீர்ப் பை, அது ஒரு பெட்டிக்குத்தான் போதும்.

ஓப்பல் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கணவன் போன பிறகு தங்கையோடு வந்து சேர்ந்தபோது அவள் கொண்டுவந்த ஒரே உயிர் அந்த மில்க் பாம்பு. "உன் கிங் பாம்புகிட்ட மட்டும் விட்டுடாதடி. பாம்பு தின்னவே பொறந்தது அது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆனால் வெல்டாவின் கிங் பாம்பு தன் ஜோடியோடு வருஷக்கணக்கில் ஒரே பெட்டியில் இருந்திருக்கிறது, ஒரு கீறல் கிடையாது. ஊரார் பாம்புதான் அப்படி, என்னுடையது சாது என்று நம்பும் பைத்தியம் பாம்பு வளர்ப்பவர்களுக்கெல்லாம் உண்டு. வயிறும் நிறைந்திருக்கிறது, அளவும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் ஒன்றாக விட்டு, பெட்டிக்கு அடியில் வெந்நீர்ப் பையை வைத்தாள்.

மத்தியானம் வெந்நீர் மாற்றப் போனபோது, கிங் பாம்பின் வாயிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு விரல் நீள வால் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுக்கக் கை பரபரத்தது. உயிர் போனதை இழுத்து என்ன பயன்? வால் முழுவதும் உள்ளே போகும்வரை நின்று அழுதாள்.

அதேபோல் ஒன்றை வாங்கி வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஓப்பலோ தன் பாம்பின் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். வெல்டா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"என்னடி, கொரலே சரியில்ல?"

"உன் பாம்ப... என் பாம்பு தின்னுடுச்சுக்கா. நான்தான் ஒண்ணா விட்டேன்."

"அடிப் பாவி. படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"சொன்னே."

"கக்கிடுச்சா?"

"இல்ல."

"அப்ப அதத் தொடாத. மிரண்டா கக்கிடும், ரெண்டுமே போயிடும். சூடு ஆறாம பாத்துக்கோ."

வெல்டா அழுதாள். இன்னும் நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அழாத. வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. அந்தப் பெட்டிய என் கட்டில் பக்கத்துல வை. இனிமே அது எனக்கு."

"அது எதுக்குக்கா உனக்கு?"

"என்னோடது அதுக்குள்ளதானே இருக்கு."

வெல்டா புதிதாக வெந்நீர் போட்டாள். பிறகு பெட்டியை ஆடாமல் அசையாமல் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனாள்.