லொம்பேயின் முட்டி

ரோவர்ஸ் கால்பந்துக் கிளப் அனுப்பிய கடிதத்தை ரசிகர் சங்கத் தலைவர் கசெபா இரண்டாவது முறையும் உரக்கப் படித்தார். முதல் முறை படித்தபோதே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் வாய் திறக்காததால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யும் கெடு புதன்கிழமை முடிகிறது. எல்லைக்கு அப்பால் லுபும்பாஷியில் ஆடும் சிமங்கா என்கிற முன்கள ஆட்டக்காரன் ரோவர்ஸுக்கு வரச் சம்மதித்திருக்கிறான். பட்டியலில் இடமில்லை. அவன் வந்தால் முன்களத்தில் ஒரு பெயர் போக வேண்டும். ரசிகர்கள் என்ன சொல்கிறார்களோ அதுவே கிளப்பின் முடிவு.

"அப்புறம் நாம மைதானத்துல பாட்டில் எறியக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்" என்றான் மினிபஸ் ஓட்டும் சித்தாம்போ. "கத்திய நம்ம கையில குடுத்துட்டு அவனுங்க கையக் கழுவிக்கிறானுங்க."

போக வேண்டிய பெயர் எது என்று கடிதத்தில் இல்லை. ஞாயிறு நண்பகலில் அந்தச் சோளக்கள் கடையில் கூடியிருந்த முப்பது சொச்சம் பேரும் கூரையையும் குவளையையும் வாசலில் படுத்திருந்த நாயையும் பார்த்தார்கள். பனா லொம்பேயை மட்டும் பார்க்கவில்லை. பனா லொம்பே என்றால் லொம்பேயின் தாய். அவளுக்கென்று இருந்த சொந்தப் பெயரை ஊர் எப்போதோ மறந்திருந்தது. பட்டியலில் முன்கள ஆட்டக்காரர்கள் இரண்டே பேர். ஒருவன் போன மாதம்தான் மூன்று கோல் அடித்தான். மற்றவன் லொம்பே. பதினோரு ஆட்டங்களாக அவன் காலிலிருந்து வலைக்குள் ஒன்றும் போகவில்லை.

சந்தையில் கருவாடு விற்கும் அவளுக்கு அந்தச் சுரங்க ஊரில் வேறொரு பெயரும் உண்டு. ரோவர்ஸின் வாய் அவள்தான். பதினெட்டு வருடமாக மைதானத்தின் கிழக்குப் பக்கத்துப் படிகளில் அவள் பாட்டை எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். எதிரணி ஆட்டக்காரனின் மனைவி ஓடிப்போனது, நடுவர் பள்ளியில் தோற்றது, எல்லாம் அவளுக்கு எப்படியோ தெரிந்து இடைவேளைக்குள் பாட்டாகிவிடும். சொந்த ஆட்களையும் அவள் விட்டதில்லை. முசகன்யா என்ற கோல்கீப்பர் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் விட்டபோது, தாழ்ப்பாள் இல்லாத கதவு என்று ஒரு பாட்டுக் கட்டினாள். அவன் பிள்ளைகளைப் பார்த்துப் பள்ளிக்கூடமே அதைப் பாடியது. அடுத்த பருவத்துக்குள் அவன் ஊரைவிட்டுப் போனான். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறான் என்று கேள்வி. அவன் மனைவி போகும் முன் ஒருநாள் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், கருவாட்டுக் குவியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். பனா லொம்பேக்கு அன்று அது வியாபாரம் கெட்ட நாளாக மட்டுமே தோன்றியது.

இன்று பேச்சை அவளே தொடங்கினாள்.

"வெளியூர்க்காரன் எதுக்கு? இருவத்திமூணு வயசுன்னு காகிதம் சொல்லும். அவன் முட்டியக் கேட்டுப் பாருங்க, முப்பத்தஞ்சுன்னு சொல்லும்."

சிரிப்பு எழுந்தது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"எது வெளியூரு?" என்றான் சித்தாம்போ. "எல்லைச் சாவடியத் தாண்டி சைக்கிள்ல போயி தக்காளி வாங்கிட்டு வர்றோம். எங்க பெரியம்மா அங்கதான் இருக்கா. அவன் பேசுறதும் நம்ம பாஷைதான்."

"நம்ம அப்பனுங்க சுரங்கத்துல தூசியத் தின்னு வளத்த டீம்டா இது. நம்ம புள்ளைங்க ஆடணும்."

"புள்ளைங்க ஆடட்டும், யாரு வேணாங்குறா? கோலுதான் வர மாட்டேங்குது. என் வண்டிகூட பதினோரு நாள்ல ஒரு தடவையாவது ஸ்டார்ட் ஆகுது, பனா லொம்பே."

கடை குலுங்கியது. தலைவர் கசெபாகூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். வேறு யாருடைய மகனாக இருந்தாலும் அவளும் சிரித்திருப்பாள். நல்ல அடி என்று அவளுக்குள்ளேயே ஏதோ ஒன்று ஒத்துக்கொண்டது.

"அந்தக் கோல்கீப்பருக்குப் பாட்டுக் கட்டினப்ப நீங்கதான சொன்னீங்க?" சித்தாம்போ விடவில்லை. "சட்டையப் போட்டா சட்டைக்கு உழைக்கணும், இல்லாட்டி கழட்டிட்டுப் போகணும்னு. நாங்க உங்ககிட்டதான் கத்துக்கிட்டோம். உங்க பையன் ஓடவே மாட்டேங்குறான். பந்து போகுது, இவன் நின்னு பாக்குறான். சோம்பேறி. குடிக்கிறான்னும் சொல்றாங்க."

அதுவரை தாங்கியிருந்தாள். சோம்பேறி என்றதும் உடம்பு பற்றிக்கொண்டது. விடிவதற்கு முன் எழுந்து மண்மேட்டில் ஓடுகிறவன் அவன். கள்ளின் வாசனையே ஆகாதவன்.

"யாருடா சோம்பேறி?" எழுந்தே விட்டாள். "முட்டிக்குள்ள சவ்வு கிழிஞ்சு நாலு மாசமாச்சுடா அவனுக்கு! ஆட்டத்துக்கு ஆட்டம் ஊசியப் போட்டுக்கிட்டு உங்களுக்காக எறங்குறான். வேற ஒருத்தனா இருந்தா கட்டிலவிட்டு எறங்குவானா?"

சொல்லி முடித்ததும் கடை அமைதியானது. அதை அவள் முதலில் மரியாதை என்றே நினைத்தாள்.

"நாலு மாசமாவா?" கசெபா மெதுவாகக் கேட்டார். "கிளப்புக்குத் தெரியுமா?"

அவள் உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கண் இமைக்காமல் கதை கட்டியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் கிடைக்கவில்லை. "அறுத்துத் தைக்கணுமாம்" என்றாள். "இல்லாட்டி ஆட்டத்த விட்டுடணுமாம்." யாரிடமும் சொல்லாதே என்று லொம்பே அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கசெபா கடிதத்தின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். சிமங்காவுக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார். கைகளை எண்ண வேண்டியிருக்கவில்லை. காலையில் அவள் வீட்டுக்கே வந்து உன் பையன் பக்கம்தான் என்று சொன்னவர்களும் தூக்கினார்கள், முகத்தில் வருத்தத்தோடு. உடம்பு முடியாதவனை ஓட விடுவது பாவம் அல்லவா என்று ஒருவர் சொன்னார். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

கை இறங்கியதும் மனங்களும் இறங்கின. கள் வந்தது. சித்தாம்போ மேசையைத் தட்டி, அவளுடைய பழைய மெட்டு ஒன்றில் ஆரம்பித்தான்.

"லொம்பே முட்டி, உடைஞ்ச முட்டி,
பந்து வந்தா பயந்த முட்டி."

முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். அவளைப் பார்த்துக்கொண்டேதான் பாடினார்கள். கோபித்துக்கொண்டு போனால் தோற்றதாக ஆகும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முட்டியில் பாட்டு சலிக்கிறது. கடைசியில் வேறு சொல் விழ வேண்டும். இவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பதற்குள் அந்தச் சொல் வந்துவிட்டது. பந்து வந்தா அம்மா மடி. அப்படி வந்தால் பாட்டு நிற்கும். பத்து வருடம் நிற்கும். அவள் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பக்கத்தில் முகுக்கா உட்கார்ந்திருந்தான். மேளம் அடிக்கிறவன், அதிகம் பேசாதவன். எல்லா ஆட்டத்திலும் அவள் வாயைப் பார்த்தே அடித்துப் பழகியவன்.

செவ்வாய்க்கிழமை கிளப்பிலிருந்து ஓர் ஆள் காகிதத்தோடு வந்தான். பெயரை நீக்கியது மட்டுமல்ல, காயத்தை மறைத்து ஆடியது ஒப்பந்த மீறல், ஆகவே சிகிச்சைக்கும் கிளப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். சும்மா நீக்கியிருந்தால் அவர்கள் செலவில் அறுவைச் சிகிச்சையாவது நடந்திருக்கும். லொம்பே காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தான். அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா சொன்னது?"

"உன்னச் சோம்பேறின்னு சொன்னானுங்கப்பா. குடிக்கிறன்னு சொன்னானுங்க. எப்படிப்பா கேட்டுட்டு இருக்கிறது?"

"சொல்லிட்டுப் போகட்டுமே" என்றான். குரலில் கோபம் இல்லை. "சோம்பேறிய யாராச்சும் வாங்குவாங்கம்மா. அடுத்த டீம்காரன் திருத்திக்கலாம்னு வாங்குவான். முட்டி போனவன எவன் வாங்குவான்?"

பள்ளிவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் அப்போதுதான் கடை வரிசை வழியாக வந்தார்கள். லொம்பேயைக் கண்டதும் பின்னால் வந்த சிறுமி ஒருத்தி ஆரம்பித்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"லொம்பே முட்டி, உடைஞ்ச முட்டி,
பந்து வந்தா அம்மா மடி!"

பனா லொம்பேயின் கை தராசின் மேல் நின்றது. அவள் அதைப் பாடவில்லை. சத்தியமாகப் பாடவில்லை. உதடு அசைந்திருக்குமோ என்று யோசித்தாள். முகுக்காவின் முகம் நினைவுக்கு வந்தது, அவள் பக்கமாகத் திரும்பியபடி, எப்போதும்போல.

பிள்ளைகள் தெருமுனை திரும்பும்வரை லொம்பே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த மடிங்கிறது உன்னோடது" என்றான். "சித்தாம்போவுக்கு இப்படி வராது."

"இல்லப்பா."

"நல்லாத்தாம்மா இருக்கு." ஒரு கருவாட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தான். வேலையாட்கள் எடுக்கிறார்களா என்று சுரங்க வாசலில் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தான். நடக்கும்போது நொண்டவில்லை. ஆள் பார்க்கும் இடத்தில் நொண்டாமல் நடக்க நான்கு மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தான். சுரங்கத்தில் ஏணி ஏறச் சொல்லிப் பார்த்தார்கள் என்று மறுநாள் யாரோ வந்து சொன்னார்கள். ஏழாவது படிக்கு மேல் அவனால் முடியவில்லையாம்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போவதில்லை என்று பனா லொம்பே தீர்மானித்திருந்தாள். லொம்பேதான் வந்து கூப்பிட்டான். போகாவிட்டால் இன்னும் பேசுவார்கள் என்றான். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அவள் மகன் அவள் பக்கத்தில், படியில் உட்கார்ந்தான். சுற்றியிருந்தவர்கள் நகர்ந்து தாராளமாக இடம் விட்டார்கள். ஒரு கிழவர் வேர்க்கடலை நீட்டினார். லொம்பே வாங்கி நன்றி சொல்லித் தின்றான்.

சிமங்கா ஒல்லியாக, காது பெரிதாக, சின்னப் பையனாக இருந்தான். பதினெட்டாவது நிமிடத்தில் ஓரத்திலிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் உதைத்தான். வலை புடைத்தது. படிகள் முழுக்க எழுந்து கத்தியது, பிறகு ஒரு கணம் வழக்கம்போல அடங்கியது, பாட்டு எடுக்கப்படுவதற்காக. எந்தப் பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். லொம்பே அங்கே உட்கார்ந்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை. முகுக்கா மேளத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தான். அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

லொம்பே எழுந்தான். கடலைத் தோலைக் கால்சட்டையிலிருந்து தட்டிவிட்டான். அவனுக்கு அவள் குரல்தான் வாய்த்திருந்தது, கனமாக, தூரம் போகிற குரல்.

"லொம்பே முட்டி, உடைஞ்ச முட்டி..."

படிகள் ஒரு நொடி திகைத்தன. பிறகு இடிந்து விழுவதுபோல் சிரித்தன. சித்தாம்போ மூன்று படி தாண்டி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். ஆம்பளடா நீ என்று யாரோ கத்தினார்கள். முகுக்கா இப்போது லொம்பேயின் வாயைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தான். ஆயிரம் பேர் கை தட்டினார்கள். லொம்பேயும் தட்டினான், உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் ஏற்றி, இடது காலை நுனியால் மட்டும் படியில் ஊன்றியபடி. அம்மா மடி என்று முடியும் அடுத்த வரிக்கு முன் அவன் பாட்டை நிறுத்தினான். கூட்டமும் நிறுத்தியது. உட்கார்ந்திருந்த தன் தாயின் பக்கம் குனிந்து, முகம் நிறையச் சிரிப்போடு, உள்ளங்கையை அவளை நோக்கி நீட்டினான். மேளம் ஒரே தாளத்தில் காத்திருந்தது. கையை அவன் எடுக்கவில்லை.