ஜன்னலைச் சாத்துங்க!

வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, என் வேனுக்குள் பிள்ளைகள் ஜன்னலைத் திறக்கிறார்கள். சொன்னால் யாராவது நம்புவார்களா? பள்ளி வேன் ஓட்டிப் பிழைக்கிறவளுக்கு எல்லாக் கூத்தும் பழக்கம்தான். வாந்தி, அடிதடி, காணாமல்போன ஒற்றைச் செருப்பு. ஆனால் இது புதுக் கூத்து.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் சிட்டு ஏறும்போதுதான் அது ஆரம்பித்தது. சிட்டு என்பது நான் வைத்த பெயர். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். வெள்ளத்தில் வீடுவாசலை இழந்து, இங்கே தகரக் கொட்டகைகளில் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அவள் படியில் கால் வைத்ததுதான் தாமதம், சடசடவென்று ஜன்னல்கள் திறந்தன.

"ஏய், சாரல் உள்ள அடிக்குதுல்ல? ஜன்னலைச் சாத்துங்க!"

"காத்து வேணும் ஆன்ட்டி" என்றான் ரேடியோ. வாய் மூடாத பையன், அதனால் அந்தப் பெயர். கொல்லென்று எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். முதலில் ஜன்னலைத் திறந்தது எங்கள் வீட்டு மகாராணி. பத்தாம் வகுப்பு, நான் பெற்றது. போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சிட்டு பையை மடியில் அணைத்துக்கொண்டு தரையையே பார்த்தபடி வந்தாள்.

பள்ளிக்குள் போன் கூடாது. இறங்கும்போது எல்லாப் போனும் என் பக்கத்து சீட்டிலிருக்கும் துணிப்பைக்குள் போகும், மாலையில் திருப்பிக் கொடுப்பேன். அன்று நனைந்த சீட்டுகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே துடைத்தேன். டயருக்குக் காற்றடித்தேன். டீ குடித்தேன். எங்கே போனாலும் அந்தப் பை விர் விர்ரென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் வீட்டிலாவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பையைத் திறந்தேன்.

அதிர்ந்தது என் மகளின் போன். பூட்டிய திரையிலேயே வரிகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"ஜன்னல் சவால் சூப்பர்!"

"தகரக் கொட்டாய் நாத்தம் போச்சா?"

"அடுத்த தடவை அவளையே ஜன்னல் வழியா தூக்கிப் போடுங்க."

அப்புறம் ஒன்று: "டிரைவர் பொம்பளையப் பாரு. அதுவும் அந்தக் கூட்டம்தான் போல, மூஞ்சியே சொல்லுது."

போனை எடுத்துத் தனியாக வைத்தேன். கோபமா, பயமா, எனக்கே தெரியவில்லை.

மாலையில் சிட்டு வேனுக்கு வரவில்லை. "நடந்தே போயிட்டா ஆன்ட்டி" என்றான் ரேடியோ, சத்தமில்லாமல். லாரிகள் பறக்கும் சாலையில், அவ்வளவு தூரம்! மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, எங்கள் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"என்னடி இது?" மகளின் போனை அவளிடமே நீட்டினேன்.

"சும்மா ஜாலிக்கும்மா. ஒரு அண்ணன் வீடியோ போடுறாரு. அந்த ஆளுங்க பக்கத்துல வந்தா நோய் வரும், ஜன்னலைத் தொறந்து வைங்கன்னு. எல்லாரும் செய்யறாங்க. நான் தேடலம்மா, அதுவாத்தான் வருது."

"அதுவா வந்துச்சு, சரி. ஜன்னலைத் தொறந்த கை யாருது?"

அவள் போனைத் தன் பைக்குள் போடப் போனாள்.

"என்னைப் பத்தியும் ஒருத்தன் எழுதியிருக்கான். படி."

படித்தாள். முகம் வெளிறிப்போயிற்று. "அம்மா, இவனுக்கு உன்னைத் தெரியவே தெரியாதே!"

"சிட்டுவை மட்டும் தெரியுமாக்கும்?"

வீடியோவை அழித்தாள். அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து ஓவென்று அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். நாளைக்கு அந்தப் பிள்ளை வேனில் ஏறுமா, ஏறாதா?

மறுநாளும் மழை. தொட்டி நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "இன்னைக்கு ஜன்னல்ல எவன் கை வச்சாலும் இங்கேயே எறக்கி விட்டுருவேன்." ரேடியோகூடக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஹாரன் அடித்தேன். மறுபடியும் அடித்தேன்.

"லேட்டாகுது ஆன்ட்டி."

"ஆகட்டும்."

தொட்டிக்குப் பின்னாலிருந்து சிட்டு வந்தாள். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பியது. ஏறினாள். கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தள்ளித் தன் பக்கத்து ஜன்னலைத் தானே திறந்தாள். சாரல் அவள் முகத்தில் அடித்தது.

என் மகள் எழுந்து போய் ஜன்னலைப் பிடித்தாள். "சாத்திக்கோ சிட்டு, நனையுறியே."

"வேணாங்க்கா, தொறந்தே இருக்கட்டும்." சிட்டு கம்பியை விடவில்லை. "நோய் வரும்னு அந்த அண்ணன் சொல்ற வீடியோவ நானும் பாத்தேன். என்னால உங்களுக்கு நோய் வந்துரும்ல?"

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே நம்பிக் கேட்டாள்.

என் மகள் ஜன்னலைப் பிடித்தபடியே திரும்பி என்னைப் பார்த்தாள். வண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.