தாயின் தழும்புகள்

அவளை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்டில் ஒற்றை செல். மொட்டு விட்டு மகள் பெறுவாள். நான் நுண்ணோக்கி வழியே பார்த்தபடி, மெல்லிய கண்ணாடி ஊசியால் மகளைத் தள்ளி வைப்பேன். அதற்குள் அடுத்தவள் எட்டிப் பார்ப்பாள். பிரசவ வார்டு நர்சுக்காவது தேநீர் குடிக்க நேரம் கிடைக்கும்.

இந்தத் தாய்கள் பொதுவாக இருபத்தைந்து மகள்களோடு ஓய்ந்துவிடுவார்கள். செல்லுக்குள் சர்டுயின் என்றொரு நொதி உண்டு. மரபணுவில் சும்மா கிடக்க வேண்டிய பகுதிகளை அதுதான் பூட்டி வைக்கிறது. பூட்டு தளர்ந்தால் குப்பை சேர்ந்து தாய் கிழவியாகிவிடுவாள். நம் உடம்பிலும் அதற்கு உறவுக்காரர்கள் ஏழு பேர். சர்க்கரை, இதயம் என்று எந்த நோயைத் தொட்டாலும் அவர்கள் பேர் அடிபடுகிறது. சர்டுயின் கூடுதலாக உண்டாகும்படி ஒரு ஈஸ்டை நான் மாற்றியிருந்தேன். அதை வளர்த்த தட்டிலிருந்த தாய்கள் எல்லோருக்கும் ஆயுசு கெட்டி. இவளோ நாற்பதையும் தாண்டிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"தாயும் சேயும் நலமா?" என்று தினமும் போனில் கிண்டலடிக்கும் என் வீட்டுக்காரரே அன்று, "அடேங்கப்பா!" என்றார்.

ஆய்வகக் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் புள்ளியியல்காரர் தொண்டையைச் செருமினார். எதற்கும் 'ஆனா' என்றே ஆரம்பிப்பதால் அவருக்கு 'ஆனால் சார்' என்றே பேர்.

"ஆனா, ராத்திரி தட்டை ஃபிரிட்ஜ்ல வைக்கிறீங்க. காலைல எடுத்தா தாயும் மகளும் அக்கா தங்கச்சி மாதிரி நிப்பாங்க. தாயைத் தள்ளிட்டு மகளை வச்சிக்கிட்டு எண்ணியிருந்தா? புதுசா ஒரு குமரி வந்து பெத்தா கணக்கு ஏறத்தானே செய்யும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்தவ யாரு, பொறந்தவ யாருன்னு எனக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்மா. ஆனா, நிரூபிக்கணுமே."

ஆய்வகத்தை நடத்தும் மேடம் என்னைப் பார்த்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நிரூபிக்க முடியலன்னா இந்த வேலையை நிறுத்திக்கலாம். உன் மேசைக்கு வேற குழு காத்திட்டிருக்கு."

ஒரு வருஷ உழைப்பு. அழுகை முட்டியது, கோபம் அதை விட முட்டியது. 'ஆனால் சாரை'க் கரித்துக்கொட்டியபடியே கை கழுவும்போதுதான் பொறி தட்டியது. ஒவ்வொரு மகளும் பிரியும்போது தாயின் மேல் வட்டமாக ஒரு தழும்பு விட்டுப் போவாள். அது அழியாது. இடையில் மாறி வந்த மகளென்றால் உடம்பில் நான் எண்ணிய கணக்குக்குத் தழும்பு தேறாது.

"எல்லாரும் வாங்க. இப்பவே பார்த்துடலாம்!" என்று கத்தினேன்.

வீரமாகக் கத்தியாயிற்று. ஏதாவதொரு காலையில், தூக்கக் கலக்கத்தில், நானே ஏமாந்திருந்தால்? அவளை ஊசி முனையில் எடுத்து, தழும்பு மட்டும் ஒளிரும் சாயத்துளிக்கு மாற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினால் போச்சு, சாட்சியே காணாமல் போய்விடும். பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். "அடச்சே, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்!" என்றேன். மேடம்தான். தள்ளி நின்றார்.

விளக்கணைத்து ஊதாக் கதிரைப் போட்டதும் திரையில் அவள் தெரிந்தாள்.

அம்மாடி! உடம்பெல்லாம் நீல வட்டங்கள், இடம் போதாமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு. குவியத்தை இறக்கினால் முதுகுப் பக்கமும் அதேபோல். 'ஆனால் சார்' திரையில் விரல் வைத்து முணுமுணுத்து எண்ணினார், முப்பதுக்கு மேல் குழம்பி மறுபடி முதலிலிருந்து எண்ணி நாற்பதைத் தாண்டினார். பக்கத்திலிருந்த தாய்களையும் எடுத்துச் சாயத்தில் வைத்தேன். ஒருத்திகூட என்னைக் கைவிடவில்லை. இரண்டு பிள்ளைக்கு இரண்டு தடவை வயிற்றைக் கிழித்துக்கொண்டவள் நான். பெற்றவள் யார் என்று காட்ட வேறென்ன வேண்டும் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"மேசை உன்னுதுதான்" என்றார் மேடம். "அடுத்து மனுஷ செல்லுல ஆரம்பி."

'ஆனால் சார்' மட்டும் திரையை விட்டு நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆனா..." என்றார்.

எல்லோரும் திரும்பினோம். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"ஆனா, என்ன அழகா இருக்காம்மா உங்க பொண்ணு!"