வில்லி கட்சி

எங்கள் தெருவில் எல்லோரும் கற்பகவல்லி கட்சி. நான் மட்டும் சுரேகா கட்சி.

யார் இவர்கள் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு டிவியில் ஒரு நாடகம் வருகிறது. அதில் கற்பகவல்லி கதாநாயகி, சுரேகா அவளுடைய நாத்தனார். கணபதிப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் செவ்வாய்க்கிழமை என்றால் ஏழு மணிக்கே எல்லா வீட்டிலும் சாதம் வடித்து முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கற்பகவல்லி இருக்கிறாளே, அழுவதற்கென்றே அந்த வீட்டில் ஒரு தூண் வைத்திருக்கிறாள். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், நேரே போய் அந்தத் தூணைக் கட்டிக்கொள்வாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அவள் புருஷன் அதற்கு மேல். காப்பி குடிப்பான், ஷூ மாட்டுவான், ஆபீஸ் போவான். கதை ஆரம்பித்ததிலிருந்து அவன் செய்த வேலை அவ்வளவுதான். மாமனாரோ எந்த வாரம் பார்த்தாலும் அதே பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சுரேகா அப்படியில்லை. நெற்றியில் பாம்பு மாதிரிப் பொட்டு, கையில்லாத ஜாக்கெட், கத்தரித்த புருவம். அவள் நடந்து வந்தாலே பின்னால் டமார் டமார் என்று மேளம் அடிக்கிறார்கள். அவள் செய்த குற்றம் என்ன? அப்பன் வீட்டில் எனக்கும் ஒரு இடம் உண்டு என்று கேட்டாள். அதற்குத்தான் இத்தனை மேளம். பாலில் எதையோ கலந்தது தப்பு, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டது தப்பில்லை.

"நீ என்னம்மா ராமாமணி, ஊரே திட்டுறவளப் போயி நல்லவங்கற?" என்று பக்கத்து வீட்டுப் பங்காரம்மா சண்டைக்கு வருவாள். நாயக்கர் வீட்டுக்காரி, நாடகம் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் வீட்டு டிவியில் எல்லோர் முகமும் பச்சையாகத் தெரிகிறதாம்.

"வாய் இருக்கறவ எல்லாம் உங்களுக்கு வில்லிதானுங்களே," என்பேன் நான்.

என் அம்மா சுப்பாத்தாள் இந்தச் சண்டையில் கலந்துகொள்ள மாட்டாள். அவள் பேசுவதெல்லாம் டிவியோடுதான். கற்பகவல்லி தூணைக் கட்டிக்கொண்டதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொறுத்துக்க கண்ணு, சாமி பாத்துக்கும்," என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அதே வார்த்தையைத்தான் எனக்கும் சொன்னாள். பல்லடத்தில் என்னைக் கட்டிக்கொண்டவன் கோழிப்பண்ணை வைத்திருந்தான். ஒருநாள் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்து, இவளும் இங்கேதான் இருப்பாள் என்றான். நான் தூணைத் தேடவில்லை, என் பெட்டியைத் தேடினேன். பெட்டியோடு வாசலில் வந்து நின்ற என்னைப் பார்த்து அம்மா, "பொறுத்துக்க கண்ணு, சாமி பாத்துக்கும்," என்றாள். பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்பா போன பிறகு, வீட்டு முன்னறையில் அவர் நடத்திய மோட்டார் காயில் சுற்றும் பட்டறையை நான்தான் எடுத்து நடத்தினேன். தம்பி மோகன்குமார் அந்த வருமானத்தில்தான் பாலிடெக்னிக் முடித்தான். தாலி இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லப் பல்லடத்துக்காரனுக்கு வாய் வரவில்லை, கழற்ற எனக்கு நேரம் வரவில்லை.

அந்த மோகனுக்குத்தான் கல்யாணம் கூடிவந்தது. நல்ல இடம், நல்ல பெண். பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா அங்கப்பன் வந்தார். அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நிற்கிற இடம் அது. அவரிடம் "வாங்க மாமா", "போயிட்டு வாங்க மாமா" என்பதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஏனம்மணி, நல்லா இருக்கறயா?" என்று பெரியப்பா உட்கார்ந்தார். காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். "இணைச்சீரு நம்ம லோகநாயகி செஞ்சுபோடட்டும் கண்ணு. நீ பந்தியப் பாத்துக்க. பந்திக்கு உன்னாட்ட கெட்டிக்காரி வேணுமில்ல?"

லோகநாயகி அவருடைய மகள். இணைச்சீர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் மேடையில் சேர்ந்து நிற்பார்கள். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை இவள் கையில். பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளுக்கு இந்த வீட்டில் உள்ள உறவு அறாது, நாளைக்கு அவள் பிள்ளைக்கு இங்கே சம்பந்தம் கேட்கலாம் என்று ஊரறியச் சொல்வது அது. எனக்குப் பிள்ளை இல்லை, சம்பந்தம் கேட்கப் போவதுமில்லை. ஆனால் எனக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள உறவை ஊருக்கு முன்னால் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

"ஏனுங்க பெரியப்பா, அது கூடப் பொறந்தவ செய்யறதுங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சிச்சீ, அப்படிச் சொல்லாத. புருசனோட வாழறவ கைல செஞ்சா புள்ளைகளுக்கு நல்லது. பொண்ணு ஊட்டுக்காரங்களும் ஒறம்பரைச் சனமும் நாலு பேசுவாங்க. நீயே ஒதுங்கிக்கிட்டீன்னா உனக்கும் மருவாதி, எங்களுக்கும் மருவாதி."

எவ்வளவு பதமாகச் சொன்னார் பாருங்கள். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கண்ணு, அம்மணி என்று சொல்லிக்கொண்டே பந்திக்கு அனுப்பிவிட்டார். நான் மோகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தேன். அவள் கதவோரத்திலிருந்தே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா போன பிறகு மோகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்கு நீதான் நிக்கோணும்க்கா. ஆனா பெரியப்பா..."

"ஆனா நீ ஷூ மாட்டிட்டு ஆபீஸ் கெளம்பு," என்றேன். அவனுக்குப் புரிந்தது. முகம் சுருங்கி எழுந்து போனான்.

அடுத்த செவ்வாய் வந்தது. நாடகத்தில் கற்பகவல்லியின் தங்கை கல்யாணம். குத்துவிளக்கு ஏற்ற அவள் வருகிறாள், யாரோ ஒரு கிழவி "இவளுக்குப் பிள்ளை இல்லையே" என்று முணுமுணுக்கிறாள். உடனே நம்ம ஆள் என்ன செய்தாள்? விளக்கைக் கீழே வைத்துவிட்டு, மண்டபத்திலும் ஒரு தூணைக் கண்டுபிடித்துவிட்டாள்!

"எத்தனை பெரிய மனசு பாரு," என்று பங்காரம்மா மூக்கைச் சிந்தினாள். அம்மா வாயைத் திறந்தாள். "பொறுத்துக்க கண்..."

நான் எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

"அடியேய், இன்னும் 'தொடரும்' போடவே இல்லையே!" என்று பங்காரம்மா பதறினாள்.

"தொடர வேண்டாமுங்க. இவ அடுத்த வாரமும் அழத்தான் போறா." அம்மா பக்கம் திரும்பினேன். "நான் பந்திக்குப் போக மாட்டேன். என்ர தம்பி கல்யாணத்துல நான்தான் நிப்பேன். சொல்லிப்போட்டேன்."

சொன்னதோடு விடவில்லை. மறுநாள் காலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு அருமைக்காரர் வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போனேன். எங்கள் கல்யாணச் சீரெல்லாம் நடத்திவைப்பவர் அவர்.

"ஏனுங்க மாமா, நான் இணைச்சீர் செய்யக் கூடாதுங்களா? புருசன் உசுரோடதான் இருக்கறான், கோழி வித்துட்டு நல்லாத்தான் இருக்கறான். எனக்கு எழுதிங்கள் சீரும் ஆயிப்போச்சு." எழுதிங்கள் என்பது கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் செய்கிற சீர். அது ஆனவள்தான் இந்த மாதிரிச் சடங்குக்கு நிற்கலாம்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே தெருவைப் பார்த்தார். கூடாது என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. "உங்க ஊட்டு வழக்கத்துல கூறைப்புடவை வெச்ச பேழையை மாப்பிள்ளையோட அம்மாதானுங்க எடுத்துக் குடுக்கறது. அவங்க யார் கையில குடுக்கறாங்களோ அவங்களுக்கு நான் சீர் செஞ்சுபோடுவேன். எனக்கு எதுக்குங்க அம்மணி பொல்லாப்பு?"

நல்ல ஆள்! தன் தலையில் இருந்ததைத் தூக்கி என் அம்மா தலையில் வைத்துவிட்டார். போயும் போயும் என் அம்மாவிடம்! காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று பெரியப்பாவிடம் கேட்கக்கூடத் தெரியாதவளிடம்.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பேழை உன்ர கையிலதான் இருக்குமாம். நான் மேடையேறி மோகன் பக்கத்துல நிப்பேன். யாரு எறங்கச் சொன்னாலும் எறங்க மாட்டேன். நீ லோகுகிட்டக் குடுக்கறதுன்னா குடு. ஆனா என்ர மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடு."

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "கல்யாண ஊட்டுல சண்டை வேண்டாங் கண்ணு," என்றாள் கடைசியில்.

"நான் சண்டை போடலம்மா. நிக்கத்தான் போறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். கூட்டத்தின் முன்னால் அம்மா என்னைத் தாண்டிப்போய் லோகுவிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்? காயில் சுற்றும்போதெல்லாம் இதே நினைப்பு. சுற்று தப்பி, பிரித்துப் பிரித்து மறுபடி சுற்றினேன்.

கல்யாணத்தன்று விடியலிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. நான் என் கல்யாணப் பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டேன். பட்டு என்ன பாவம் செய்தது? தலை நிறையப் பூ வைத்துக்கொண்டேன். அருமைக்காரர் இணைச்சீருக்குக் கூப்பிட்டதும் யாரையும் பார்க்காமல் மேடையேறி மோகன் பக்கத்தில் நின்றேன். லோகநாயகியும் அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவள் என்ன செய்வாள் பாவம், தலையைக் குனிந்துகொண்டு புடவைக் கரையைத் திருகிக்கொண்டிருந்தாள். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

பெரியப்பா மேடையோரம் வந்தார். குரல் அதே பதம். "அம்மணி, எறங்கி வா கண்ணு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க பெரியப்பா. அதுக்குத்தானுங்க நிக்கறேன்."

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. பெண் வீட்டுக்காரர்கள் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். மோகன் வியர்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று என் பக்கம் நகர்ந்து, தோளோடு தோள் ஒட்டி நின்றான். வாயைத் திறக்கவில்லை, ஆனால் நகர்ந்தான். என் தம்பிக்கு அதுவே பெரிது.

அம்மா பேழையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரம்புக் கூடை, மேலே மூடி. எங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"சுப்பாத்தா, லோகுகிட்டக் குடு. முகூர்த்தம் போவுது," என்றார் பெரியப்பா. முதல் தடவையாக அவர் குரலில் பதம் இல்லை.

அம்மா லோகநாயகியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. கற்பகவல்லி மாதிரி அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா திரும்பினாள். பெரியப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள். அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சித்த பொறுத்துக்கங்க மாமா," என்றாள். "சாமி பாத்துக்கும்."

சொல்லிவிட்டுப் பேழையை என் கையில் வைத்தாள்.

பின்வரிசையிலிருந்து பங்காரம்மா, "அப்படிப் போடு சுப்பாத்தா!" என்று கத்தினாள். நாடகம் பார்க்கும்போது கத்துகிற அதே கத்தல். பெண் வீட்டுப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். லோகநாயகி விட்டால் போதும் என்று இறங்கி ஓடினாள்.

அருமைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாம் முன்பே பேசி வைத்த மாதிரி பேழையைத் திறந்தார். கூறைப்புடவையின் ஒரு முனையை மோகன் கையில் கொடுத்தார், மறு முனையை என் கையில் கொடுத்தார். மேளம் பிடித்துக்கொண்டது. டமார் டமார் என்று அடித்தார்கள். எனக்குச் சுரேகா ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துவிட்டது.

அம்மா மேடையை விட்டு இறங்கவில்லை. அங்கே ஒரு தூண் இருந்தது. அதைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நல்லாப் புடிச்சுக்க கண்ணு," என்றாள்.